டைமண்ட் கட் அலாயில் வெள்ளை நெளிகோடுகள்: எந்த வீலுக்கு எந்த பாலிஷ்?

முத்துநகர்_கார் (தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகள் ஓடிய ஹேட்ச்பேக் கார் ஒன்றைச் சென்ற மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எஞ்சினிலோ அடிப்பாகத்திலோ குறை ஒன்றும் இல்லை. நான்கு வீல்கள்தாம் கண்ணை உறுத்துகின்றன. 15 அங்குல அலாய். பள்ளங்களில் கருஞ்சாம்பல் பெயிண்ட், முகப்பில் மட்டும் பளபளக்கும் வெள்ளி நிறம். இதைச் சில கம்பெனிகள் டைமண்ட் கட் என்றும், சில பிரிசிஷன் கட் என்றும் சொல்கின்றன.

முன்பக்க வலது வீலின் வெளி விளிம்பை ஒட்டி, கரையான் அரித்த தடம்போல வெள்ளைக் கோடுகள் நெளிந்து ஓடுகின்றன. பின்பக்க வீல்கள் இரண்டும் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடியைப் போல மங்கிக் கிடக்கின்றன. முன்பக்க இடது வீலில் கோடு எதுவும் இல்லை. ஆனால் முகப்பு முழுவதும் பழைய அலுமினியப் பாத்திரத்தின் அடியைப் போலச் சாம்பல் பூத்திருக்கிறது.

பஃபிங் பட்டறைக்காரர் நான்கையும் கழற்றிக் கொடுத்தால் கிரைண்டரில் பிடித்து ஒரே நாளில் கண்ணாடியாக்கித் தருவதாகச் சொல்கிறார். வாட்டர் வாஷ் கடையில், ஆசிட் ஊற்றித் தேய்த்தாலே போதும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு மெட்டல் பாலிஷ் டியூப் ஒன்று வாங்கி, கோடு விழுந்த வீலை அரை மணி நேரம் தேய்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம்; கோடு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. இந்த மூன்றில் எது சரி, அல்லது மூன்றுமே தவறா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொங்கு_பெயிண்டர் (கோவை)

உங்கள் கை வலித்ததற்குக் காரணம் எளியது, நண்பரே. நீங்கள் தேய்த்தது உலோகத்தை அன்று, அதன்மேல் இருந்த நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டை. கோடுகள் அந்தக் கிளியருக்கு அடியில் இருக்கின்றன. போட்டோவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டபின் உள்ளே விழுந்த கறையை வெளியிலிருந்து துடைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

டைமண்ட் கட் வீல் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வார்த்து எடுத்த அலுமினிய வீலுக்கு முதலில் பிரைமரும் கருஞ்சாம்பல் பெயிண்டும் முழுவதுமாக அடிக்கிறார்கள். அதன்பின் கணினி இயக்கும் கடைசல் இயந்திரமான சி.என்.சி. லேத்தில் ஏற்றி, முகப்பில் மட்டும் மெல்லிய ஒரு சீவல் சீவிப் பெயிண்டை எடுத்துவிட்டுப் புது உலோகத்தை வெளிக்காட்டுகிறார்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கிராமபோன் இசைத்தட்டில் இருப்பதுபோல நெருக்கமான வட்டக் கோடுகள் தெரியுமே, அவை அந்த உளி போன தடங்கள். அவற்றின் மேல் கிளியர் கோட் அடிக்கிறார்கள். அது பெரும்பாலும் தலைமுடியின் பருமனைக் காட்டிலும் மெல்லியது. கூரான விளிம்புகளில் அது இன்னும் மெலிந்துதான் நிற்கும். நெளிகோடுகள் விளிம்பிலிருந்தே தொடங்குவது அதனால்தான்.

ஆகவே எந்த பாலிஷ் என்ற கேள்விக்கு முன்னால், உங்கள் கை படும் மேற்பரப்பு எது என்று தெரிய வேண்டும். ‘டைமண்ட் கட்’ என்று விற்றார்கள் என்பதற்காக இன்றைக்கும் அது டைமண்ட் கட்டாகவே இருக்கிறது என்று நம்பாதீர்கள். எட்டு ஆண்டுகளில் யார் கை பட்டதோ, யாருக்குத் தெரியும்?

மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். வீலை ஷாம்பு போட்டுக் கழுவி, பிரேக் தூசு துளியும் இல்லாமல் காயவிட்டபின், ஆரத்தின் (ஸ்போக்கின்) உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் மெட்டல் பாலிஷைப் பட்டாணி அளவு வைத்து வெள்ளைப் பருத்தித் துணியால் தேயுங்கள். அந்த இடம் முகப்பைப் போலவே சீவப்பட்ட பகுதியாக இருக்க வேண்டும். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். துணியில் வீலின் நிறம் ஏறினால் கிளியர் இல்லாத பெயிண்ட். துணி வெள்ளையாகவே நின்றால் மேலே கிளியரோ குரோமோ அனோடைஸோ (மின்வேதி முறையில் ஏற்றிய கடினமான ஆக்சைடு படலம்) இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவதற்கு மல்டிமீட்டர் வேண்டும். எலக்ட்ரீசியனிடம் இரவல் வாங்கிப் ‘பீப்’ ஒலி எழுப்பும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை நட்டு உட்காரும் இடத்தில் தெரியும் வெறும் உலோகத்திலும், மறு முனையைச் சோதிக்க வேண்டிய முகப்பிலும் கீறாமல் மெல்ல வையுங்கள். பீப் கேட்டால் வெறும் உலோகம் அல்லது குரோம். கேட்காவிட்டால் கிளியர், பெயிண்ட், அனோடைஸ் இவற்றில் ஒன்று. இவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

மூன்றாவது பச்சைத் தண்ணீர்ச் சோதனை. மங்கிய இடத்தை நனையுங்கள். நனைந்தவுடன் மங்கல் மறைந்து, காய்ந்தபின் திரும்ப வந்தால் குறை கிளியரின் மேல்பக்கத்தில் இருக்கிறது. அதைப் பாலிஷால் சரிசெய்யலாம். நனைத்தும் மங்கல் அப்படியே தெரிந்தால் குறை அடியில் இருக்கிறது. உலகத்தில் உள்ள எந்த பாலிஷும் அங்கே போய்ச் சேராது.

நான்கு வீலையும் தனித்தனியாகச் சோதித்து முடிவை எழுதுங்கள். அதுவரை பஃபிங் பட்டறைப் பக்கம் போக வேண்டாம்.

ஓ.எம்.ஆர்_வாசி (சென்னை)

பெயிண்டர் அண்ணன் சொல்வதை என் சொந்த நஷ்டத்திலிருந்து வழிமொழிகிறேன். என் காரில் இருந்தது டைமண்ட் கட் அன்று, சாதாரண வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்த அலாய். பார்வைக்கு உலோகம் போல மின்னியதால் உலோகம் என்றே நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துலக்கும் பொடியையும் கம்பி நாரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் வீல் முடிந்தபோது அது காய்ந்த சுண்ணாம்புச் சுவர்போல வெளிறிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்க்காமல் இரண்டாவது வீலையும் தொடங்கியிருந்தேன் என்பதுதான் கொடுமை.

வெள்ளிப் பெயிண்ட் அலாயை பானெட்டைப் போலவே நடத்த வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மெட்டல் பாலிஷ் வேண்டாம்; கார் பெயிண்டுக்கான ரப்பிங் காம்பவுண்டு, அதன்பின் மெல்லிய பாலிஷ், கடைசியில் வேக்ஸ். கம்பி நார் போட்ட கோடுகளில் ஆழமானவை இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. கிளியரைத் தாண்டிப் போனதற்குத் திரும்பப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

வேதியியல்_வாத்தியார் (திருநெல்வேலி)

முத்துநகர் நண்பர் விவரித்த வெள்ளை நெளிகோட்டை இழை அரிப்பு என்று சொல்லலாம். கல் பட்டோ, வீல் பேலன்சிங் வெயிட் ஒட்டும்போது கீறியோ, கிளியரில் ஊசிமுனை அளவு திறப்பு ஏற்பட்டால் போதும். உப்பும் ஈரமும் உள்ளே நுழைந்துவிடும். இழையின் தலைப்பகுதியில் இருக்கும் துளித் திரவம் அமிலத்தன்மை உடையது. அது அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு முன்னேற, பின்னால் வெள்ளை நிற அலுமினிய ஹைட்ராக்சைடு வாலாக எஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது இது வேகமாக வளரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம் என்று இருக்கும் தூத்துக்குடியில் இதைத் தடுப்பது கடினம், தள்ளிப்போடத்தான் முடியும்.

ஆசிட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம். இந்தப் படலம் பி.எச். அளவு சுமார் 4 முதல் 9 வரை உள்ள சூழலில்தான் நிலைத்திருக்கும். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் கரையும். லாரி கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடா கரைசலை வெறும் அலுமினியத்தில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வெளியேறும், உலோகம் கறுக்கும். நுரைப்பதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று கடைக்காரர் மகிழ்வார்; உண்மையில் போவது வீல்.

வீல் கழுவும் ஆசிட் என்று பெயர் ஒட்டாத கேனில் வருவனவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதைத் தரும் ஃபுளோரைடு உப்போ இருக்கும். செறிவு குறைந்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். அதற்குள் அது தசைக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் மருத்துவமனையும்தான் வழி. கையுறை இல்லாமல் அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிரேக் தூசு தேய்த்தும் போகாமல் ஆரஞ்சுப் புள்ளிகளாக ஒட்டியிருந்தால் அதற்கு அயர்ன் ரிமூவர் என்ற திரவம் தனியாக விற்கிறார்கள். நடுநிலை பி.எச். கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். அதிலுள்ள தயோகிளைகோலேட் இரும்புத் துகளோடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பார்லரில் முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் மருந்தும் இதே குடும்பம்தான். நிழலில், வீல் ஆறியிருக்கும்போது அடித்து, காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும்.

முத்துநகர்_கார்

வாத்தியார் ஐயாவுக்கும் கோவை அண்ணாச்சிக்கும் நன்றி. ஆசிட் யோசனையை அன்றே கைவிட்டேன். சோதனைகளை நேற்றுச் செய்து முடித்தேன். முடிவு எனக்கே வியப்பாக இருந்தது.

முன் வலது வீலில் துணி வெள்ளையாகவே நின்றது, பீப் இல்லை, நனைத்தாலும் கோடு மறையவில்லை. பின் வீல்கள் இரண்டிலும் துணி வெள்ளைதான், பீப் இல்லை, ஆனால் நனைத்தவுடன் மங்கல் மாயமாய் மறைந்து புது வீல் போலத் தெரிந்தது. முன் இடது வீலில் மட்டும் மூன்றே தேய்ப்பில் துணி கரி துடைத்தது போல் கறுத்துவிட்டது. மல்டிமீட்டரும் முகப்பில் எங்கே வைத்தாலும் பீப் என்றது.

கூர்ந்து பார்த்தபோது அந்த வீலில் மட்டும் வட்டக் கோடுகளே இல்லை என்பதும் புரிந்தது. பழைய உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். நடைபாதைக் கல்லில் உரசியதால் ஒரு பட்டறையில் கொடுத்து ‘பாலிஷ்’ செய்ததாகச் சொன்னார்.

கொங்கு_பெயிண்டர்

அப்படியானால் உங்கள் காரில் ஓடுவது மூன்று வகை வீல்கள். பஃபிங் பட்டறைக்கு நான்கையும் கொடுத்திருந்தால், நன்றாக இருக்கும் இரண்டின் கிளியரையும் உரித்துத் தந்திருப்பார்கள்.

பின் வீல்களிலிருந்து தொடங்குங்கள்; அவை எளியவை. மங்கல் கிளியரின் மேல்பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது கடினமான பிரஷ்ஷும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை. முதலில் வினிகரில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் ஒற்றி, கழுவிவிடுங்கள். சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் நுண்கீறலுக்குக் கார் பெயிண்டுக்கான மெல்லிய பாலிஷைப் பஞ்சு அப்ளிகேட்டரில் எடுத்து, ஒவ்வோர் ஆரமாகக் கையாலேயே தேய்க்கலாம். மெஷின் இருந்தால் 75 மி.மீ. பேடு போதும், ஆனால் ஆரத்தின் கூரான விளிம்பில் மெஷினை நிறுத்தாதீர்கள். அந்த விளிம்பில்தான் கிளியர் மெலிந்திருக்கிறது என்று முன்பே சொன்னேன். அங்கே ஒரு நிமிடம் கூடுதலாகத் தேய்த்தால் அடுத்த ஆண்டு அங்கேயே இழை அரிப்பு என்ற புழு புகுந்துவிடும்.

முன் இடது வீல் வெறும் அலுமினியம் என்பதால், நீங்கள் வாங்கிய மெட்டல் பாலிஷ் அதற்குத்தான் உரியது. சிறிது சிறிதாக எடுத்து, ஒரு கையளவு இடத்தை மட்டும் தேய்த்து, கறுப்பு முற்றிலும் காய்வதற்கு முன் சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். முழு வீலுக்கும் பூசிவிட்டு டீ குடிக்கப் போனால் அந்தக் கறுப்பு இறுகிவிடும். பிறகு அதை எடுக்கவே தனியாக பாலிஷ் போட வேண்டியிருக்கும். உரசல் கோடு ஆழமாக இருந்தால் மட்டும் வாட்டர் பேப்பரில் 600, 800, 1200, 2000 என்று படிப்படியாக (எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும்), ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் குறுக்குத் திசையில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் பளபளப்பு வந்தபின் பழைய கோடு பல்லிளிக்கும்.

முன் வலது வீலுக்கு பாலிஷ் கிடையாது. கிளியரை முழுவதும் உரித்து, மறுபடி லேத்தில் சீவி, கிளியர் அடிக்க வேண்டும். அல்லது முழு வீலுக்கும் ஒரே நிறப் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவி அடுப்புச் சூட்டில் இறுக்கும் பூச்சு) கொடுத்துவிட வேண்டும்.

மூன்று_துண்டு_வீல் (பெங்களூரு)

கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிளியரை உரித்த பிறகு எதற்கு லேத்? கையாலேயே தேய்த்துக் கண்ணாடியாக்கலாம். என்னிடம் மூன்று பாகங்களை இணைத்துச் செய்த பழைய ஜப்பானிய மூன்று துண்டு வீல் ஒரு செட் இருக்கிறது. அதன் வெளி வளையம் அனோடைஸ் செய்தது. இருபது ஆண்டுக் கீறல்களோடு வந்தது. அனோடைஸ் படலம் சில மைக்ரான் பருமன்தான் என்றாலும் பாலிஷுக்கு மசியாத கடினம் கொண்டது. அதை வேதித் திரவத்தால் எடுத்துவிட்டு, 400-இல் தொடங்கி 2000 வரை வாட்டர் பேப்பரில் இறங்கி, பருத்தி மாப்பில் பஃபிங் சோப்பு வைத்து முடித்தேன். ஒரு வளையத்துக்கு இரண்டு வார இறுதிகள் போயின. முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல இருக்கிறது. மாதம் ஒருமுறை மெட்டல் பாலிஷ், மேலே வேக்ஸ். கிளியரே இல்லாததால் புழுவுக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

கொங்கு_பெயிண்டர்

உங்கள் வீலின் படத்தை வேறொரு விவாத இழையில் பார்த்திருக்கிறேன். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீல் பெங்களூரில் ஒரு ஷெட்டுக்குள் நிற்கிறது; அவருடைய வீல் கடற்காற்றில் நாள்தோறும் ஓடுகிறது. அந்தக் காற்றில் வெறும் அலுமினியத்தின் பளபளப்பு மாதக்கணக்கில் நிற்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையால் கண்ணாடியாக்கியபின் மனம் மாறி, இதன்மேல் கிளியர் அடித்துவிடலாம் என்று பலர் வருகிறார்கள். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுக்குக் கிளியர் பிடிப்பில்லாமல் நிற்கும். பாலிஷில் இருக்கும் எண்ணெய்ப் பசை எங்கேனும் ஒரு மூலையில் எஞ்சினாலும் அங்கே கிளியர் உரிந்துவிடும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் தேய்த்துக்கொண்டே இருக்கும் உழைப்பு வேண்டும். கிளியர் நிற்க வேண்டுமானால் லேத் தடம் போன்ற சொரசொரப்பு வேண்டும். இரண்டையும் ஒரே வீலில் கேட்டு வருபவர்களிடம் நான் முன்பணம் வாங்குவதில்லை.

கிரைண்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். அதில் உப்புத்தாள் மடல்கள் கொண்ட ஃபிளாப் வீல் மாட்டி முகப்பில் வைத்தால் உலோகம் மெழுகுபோல வழியும்; ஆரத்தின் வடிவமே ஆங்காங்கே குழிந்துவிடும். பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் குளத்து அலைபோலத் தெரியும். அலுமினியத் தூளும் சாதாரணமானதன்று. நுண்தூளாகக் காற்றில் நிறைந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடியது. அதே மேசையில் இரும்பைப் பிடித்துப் பொறி பறக்கவிடும் பட்டறையில் என் வீலை நான் கொடுக்க மாட்டேன்.

மூன்று_துண்டு_வீல்

ஷெட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மழைக்காலத்தில் நான் அந்தக் காரையே வெளியே எடுப்பதில்லை என்பதை எழுத மறந்துவிட்டேன்.

அம்பாசடர்_வீட்டுக்காரர் (காரைக்குடி)

இங்கே குரோமைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றபிறகும் நான் என் வண்டியை விடவில்லை. அதன் இரும்பு வீல்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் முடிந்தது. வேலை வாங்குவது மேலே இருக்கும் குரோம் மூடிகள்தாம்.

குரோம் என்று நாம் சொல்வதில் பளபளப்பைத் தருவது பெரும்பாலும் அடியில் இருக்கும் நிக்கல். அதன்மேல் இருக்கும் குரோமியம் அலங்காரப் பூச்சுகளில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அது கடினமானது, ஆனால் தேய்ந்தால் தேய்ந்ததுதான். ஆகவே வெட்டும் தன்மையுள்ள காம்பவுண்டு அதற்கு ஆகாது. சிறு துருப் புள்ளிகளுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறாது. துரு மட்டும் பழுப்புக் குழம்பாக வரும். துடைத்துவிட்டு வேக்ஸ் பூசினால் ஓரிரு மாதம் தாங்கும். ஆனால் குரோம் கொப்புளித்து நகத்தால் பெயர்கிறது என்றால் அதைத் தொடாமல் முலாம் பூசும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

குரோமையும் பாலிஷ் போட்ட அலுமினியத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று என் பேரன் கேட்டான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குரோமில் லேசான நீலம் ஓடும். அலுமினியம் பால்வெள்ளையாக இருக்கும்.

வேதியியல்_வாத்தியார்

அலுமினியத் தாள் யோசனையை அப்படியே அலுமினிய வீலுக்கு யாரும் கொண்டுபோய்விடாதீர்கள்; அது குரோமுக்கு மட்டும். அதேபோல, குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கைக்கு வீலையும் புளியால் துலக்கத் தோன்றும். புளியின் அமிலம் பித்தளையின்மேல் படியும் செம்பு ஆக்சைடைக் கரைப்பதால் விளக்கு மின்னுகிறது. அலுமினியத்தில் அந்த வேலை நடக்காது. ஊறவிட்டால் கறைதான் படும்.

ஓ.எம்.ஆர்_வாசி

மேட் கறுப்பு வீல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. பாலிஷோ பளபளப்பு தரும் வேக்ஸோ போட்டால் தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்துத் திட்டாகும். திரும்பி மேட் ஆகாது. ஷாம்பு, தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான்.

முத்துநகர்_கார்

முன் வலது வீலுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பதா, லேத்தில் சீவுவதா என்று இன்னும் தயக்கமாக இருக்கிறது. அடுப்பில் வைத்துச் சூடாக்குவதால் அலாயின் பலம் குறையும் என்று ஒருவர் பயமுறுத்தினார். அண்ணாச்சி, இதில் உண்மை உண்டா?

கொங்கு_பெயிண்டர்

பாதி உண்மை உண்டு. பெரும்பாலான வார்ப்பு வீல்கள் ஏ356 வகை அலாயில் செய்தவை. அவற்றை வெப்பப் பதப்படுத்தித்தான் பலம் ஏற்றியிருக்கிறார்கள். பவுடர் இறுகுவதற்கு 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் பதினைந்து, இருபது நிமிடங்கள் போதும்; அந்த அளவோடு நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. கம்பிக்கதவையும் வீலையும் ஒரே அடுப்பில் வைத்து, கதவுக்குரிய சூட்டில் மணிக்கணக்கில் விடும் இடத்தில்தான் ஆபத்து. உங்கள் வீலுக்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வீலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வார்ப்பு வீலைப் பவுடர் தூவுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே சூடாக்கி உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். அதைச் செய்யாவிட்டால் மேலே ஊசித்துளைகள் விழும்.

லேத்தில் சீவுவதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு முறையும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு உலோகம் போகிறது. ஒருமுறை செய்யலாம், தேவைப்பட்டால் இன்னொரு முறையும் செய்யலாம், ஆனால் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. வெடிப்போ வளைவோ உள்ள வீலைச் சீவவே கூடாது. உங்களுடையதற்கு இதுதான் முதல் முறை என்பதாலும், பின் வீல்கள் இரண்டும் டைமண்ட் கட்டாகவே நல்ல நிலையில் இருப்பதாலும் சீவுவதற்கே என் ஓட்டு. நாளைக்கு நான்கிலும் புழு வந்தால் நான்குக்கும் ஒரே நிறப் பவுடர் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பாலிஷ் போடும்போது கடைசியாக ஓர் எச்சரிக்கை. வேக்ஸோ பாலிஷோ பிரேக் டிஸ்க்கில் தெறிக்கக் கூடாது. வீலைக் கழற்றிச் செய்தால் அந்தக் கவலையே இல்லை. மாட்டியபடியே செய்வதானால் ஆரங்களுக்கு இடையில் பழைய துணியைச் செருகிவிட்டுச் செய்யுங்கள்.

முத்துநகர்_கார்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பின் வீல்கள் இரண்டும் ஒரே காலையில் முடிந்தன. வினிகருக்கே முக்கால்வாசி மங்கல் போய்விட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழியும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று வாளியில் பிடித்து, அதில்தான் இவ்வளவு நாளும் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருக்கும் உப்பையெல்லாம் சேர்த்துப் பிடித்து அந்தத் தண்ணீரில் விடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை என்று யோசிக்கவே இல்லை. இப்போது கழுவுவது எதில் ஆனாலும், கடைசியாக வீலுக்கு ஒரு செம்பு மாநகராட்சித் தண்ணீரை ஊற்றி உடனே துடைத்துவிடுகிறேன்.

முன் வலது வீலை மதுரையில் ஓர் இடத்தில் லேத்தில் சீவக் கொடுத்தேன். கூலி 3,500 ரூபாய். உரித்தபின் அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தபோதுதான் கோடு வெளியில் தெரிந்ததைக் காட்டிலும் இரு மடங்கு தூரம் ஓடியிருந்தது புரிந்தது. பின் வீல்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிய சீவலின் வட்டக் கோடுகள் சற்று அகலமாக இருக்கின்றன. சொன்னால்தான் தெரியும், எனக்கு மட்டும் சொல்லாமலே தெரிகிறது.

முன் இடது வீல்தான் இழுத்தடிக்கிறது. மெட்டல் பாலிஷ் போட்ட அன்று மற்ற மூன்றையும் விட அதுதான் அழகாக இருந்தது. வேக்ஸ் பூசியும் மழையில் மூன்றே வாரத்தில் மறுபடி சாம்பல் பூத்தது. இதுவரை ஐந்து முறை தேய்த்துவிட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, மற்ற மூன்றையும் ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டார். பொங்கலுக்குப் பிறகு அதையும் மதுரைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை பட்டறையில் தேய்ந்த வீல் என்பதால், சீவுவதற்கு முன் எஞ்சியிருக்கும் பருமனை அளந்து சொல்லுமாறு கேட்டிருக்கிறேன்.